மூன்றரை வயது மகனுக்கு ஆட்டிசம் பரிசோதனை: தண்டையார்பேட்டை சென்டர் பற்றி

பிள்ளைக்கு ஆட்டிசமோ என்ற பயத்தோடு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற வடசென்னைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த சென்டர் தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம்தான். கீழே மருந்துக்கடை, மேலே முதல் மாடி. நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

எங்கள் பையன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் அடுத்த ரூமில் டிவி விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடுவான். மூணு சக்கர சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு வீலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். முன்பு சொல்லிக்கொண்டிருந்த "தா", "ஆயா" இரண்டும் நின்றுபோயின. "ஆம்பளப் புள்ள, லேட்டாதான் பேசும்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கன்வாடி டீச்சர்தான் "எதுக்கும் ஒரு தடவ காட்டிடுங்கண்ணா" என்றார்.

சென்டரில் முதல் நாளே பீஸ் வாங்கவில்லை. காது கேட்கிறதா என்று பார்க்காமல் வேறு எதையும் சொல்ல முடியாது, பெரா டெஸ்ட் எடுத்து வாருங்கள் என்று சைக்காலஜிஸ்ட் மேடம் அனுப்பிவிட்டார். பிள்ளையைத் தூங்கவைத்து எடுக்கிற டெஸ்ட் அது. காது சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் அவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். இந்த நேர்மைக்காகவே நான் யாருக்கும் இந்த இடத்தைச் சொல்வேன்.

பரிசோதனை எல்லாம் தரையில்தான். மேடமும் பாயில் உட்கார்ந்துகொண்டார். சோப்புக் குமிழி ஊதி நிறுத்தினார். "இன்னும் ஊது" என்று அவன் கேட்கிறானா, முகத்தைப் பார்க்கிறானா என்று கவனித்தார். அவன் அவர் கையைப் பிடித்துக் குமிழி டப்பா மேல் வைத்தான், முகத்தைப் பார்க்கவே இல்லை. அதைக் குறித்துக்கொண்டார். பிரசவம், நடக்க ஆரம்பித்த மாதம், தூக்கம், சாப்பாடு, மிக்ஸி போட்டால் காதைப் பொத்துவது என்று என் மனைவியிடம் ஒன்றுவிடாமல் கேட்டார். வீட்டில் போனில் எடுத்த வீடியோக்களையும் பார்த்தார். நீங்கள் போனால் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருப்பான்.

ஆட்டிசத்தை அளக்க ஐசா என்று இந்தியாவிலேயே உருவாக்கின அளவுகோல் ஒன்று இருக்கிறது. 40 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேலே தீவிரம். எங்கள் பையனுக்கு 112.

"ஆட்டிசம்தான் அண்ணா. நீங்க வளர்த்ததுல எந்தத் தப்பும் இல்ல" என்று மேடம் நேராகச் சொன்னார். என் மனைவி அழுது முடிக்கும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. தடுப்பூசியால் வருவதில்லை, குணப்படுத்துகிற மாத்திரை கிடையாது, ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்.

தெரபி 45 நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் எங்களை உள்ளே கூப்பிட்டு, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று செய்துகாட்டுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்துவிடுவேன், அதனால் பகலில் அவனோடு உட்கார்வது நான்தான். அவனுடைய டம்ளர், பிஸ்கட், வாசல் கேட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் போட்டோம். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்து வந்து என் கையில் கொடுக்கிறான். சில சமயம் முகத்தையும் பார்க்கிறான். சேலைத் தூளியில் பத்து நிமிடம் ஆட்டினால் உட்காருகிற பொறுமையும் வருகிறது.

குறைத்த ஒரு நட்சத்திரம் வெயிட்டிங் ஹாலுக்கு. உள்ளே "போன், டிவி காட்டாதீங்க" என்கிறார்கள், வெளியே கார்ட்டூன் அலறுகிறது. எங்களைப் போல இன்னும் நாலு பெற்றோர் சொல்லியும் அணைக்கவில்லை. சாயங்காலமானால் கண்டெய்னர் லாரி ஹாரன் வேறு. ஸ்பீச் தெரபிஸ்ட் வாரம் முழுக்க இருப்பதில்லை. ரிப்போர்ட் இங்கிலீஷில் வரும். ஆனால் கேட்டதும் அங்கன்வாடிக்கென்று ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: இங்கே தருகிற ரிப்போர்ட் மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஆகாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, சான்றிதழை அரசு மருத்துவர்கள்தான் தர வேண்டும். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் ஏற்கெனவே சீட்டு இருந்தால் அங்கேயே விசாரியுங்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது, பரிசோதனையும் தெரபியும் உண்டு. ஆனால் நம்ம பக்கத்திலிருந்து பிள்ளையோடு வாராவாரம் போய்வருவது கூலிவேலை செய்கிறவர்களால் ஆகாது. தெரபிக்குப் பக்கத்தில் ஒரு இடம் வேண்டும் என்பதால்தான் நாங்கள் இங்கே தொடர்கிறோம்.

காலை பத்தரை ஸ்லாட் கேளுங்கள். ஹாலில் கூட்டம் இருக்காது, அந்த நேரத்தில் கேட்டால் டிவியையும் அணைத்துவிடுகிறார்கள்.