தலைவாசல் கதவு: பழைய தேக்கா, ஃபிளஷ் டோரா, ஸ்டீலா?

தலைவாசல் கதவை மாற்ற வேண்டும், முப்பதாயிரத்தைத் தாண்ட முடியாது என்றால் நம் பக்கம் நான்கு வழிகள்தான் கண்ணில் படும்: லேமினேட் ஒட்டிய ஃபிளஷ் டோர் (உள்ளே ஒட்டுக்கட்டை வைத்து மேலே தட்டையாக மூடிய கதவு), டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது), ஸ்டீல் கதவு, வீடு பிரித்த பழைய தேக்கு. நான் பழைய தேக்கை எடுத்தேன், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். எங்கள் வீடு கடலூரில், கடற்காற்று படும் தெருவில் இருக்கிறது. வாசல் கிழக்கு பார்த்தது; ஐப்பசி, கார்த்திகையில் சாரல் நேராகக் கதவில்தான் அடிக்கும். மதுரையிலோ சேலத்திலோ முன்னால் திண்ணையும் போர்ட்டிகோவும் உள்ள வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

புதுத் தேக்கை முதலிலேயே விட்டுவிட்டேன். 7 அடிக்கு மூன்றரை அடி, ஒன்றரை அங்குல கனம் என்றால் கதவில் நிற்கும் மரம் மட்டுமே 3 கன அடி. அறுப்பிலும் இழைப்பிலும் போவது தனி, கூலி தனி. 2014-இல் மியான்மர் உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, மலிவு விலையில் கிடைப்பது பெரும்பாலும் தோட்டத்தில் வளர்த்த இளம் மரம். அதில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, அதிகம். கறையானைத் தள்ளி நிறுத்துவது தேக்கின் வைரம் பாய்ந்த பகுதிதான். ஓரத்து வெள்ளையை மற்ற மரங்களைப் போலவே அரித்துவிடும். பாலிஷ் போட்டு நிறம் ஏற்றிய ரெடிமேட் கதவில் எது வைரம், எது வெள்ளை என்று நம்மால் பார்க்க முடியாது.

விலை, அழகு, பாதுகாப்பு பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: ஐந்தாறு மழைக்காலம் போன பிறகு கதவு இறுகினால், தரையில் உரசினால், கீல் தளர்ந்தால், உள்ளூர் ஆசாரி ஒருவர் அரை நாளில் அதைச் சரிசெய்ய முடியுமா?

ஃபிளஷ் டோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. புதிதாக மாட்டும்போது குறையே தெரியாது. நான்கிலும் அதுதான் மலிவு. ஆனால் அதன் ஓரத்தில் இருப்பது ஒல்லியான ஒரு லிப்பிங் கட்டைதான். மழையில் ஊதி நிலையில் சிக்கும் கதவை ஒன்றிரண்டு முறை இழைத்தாலே அந்தக் கட்டை தேய்ந்து உள்ளே ஒட்டுக்கட்டை தெரியும். பிறகு தண்ணீருக்கு அதுவே வழி. கீழ் ஓரம் உப்பும், லேமினேட் மேலெழும். அதன் பிறகு புதுக் கதவு வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. அறைகளுக்கு ஃபிளஷ் டோர் தாராளமாகப் போடலாம். தலைவாசலுக்கும் அதுதான் கட்டுப்படியாகும் என்றால் ஃபிளஷ் டோருக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 2202 முத்திரையும், தண்ணீருக்குத் தாங்கும் ஃபீனால் பசையும் உள்ளதாகக் கேளுங்கள். மாட்டுவதற்கு முன்பே கீழ் ஓரத்துக்கும் மேல் ஓரத்துக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று பெயின்டர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம்.

ஸ்டீல் கதவை நான் ஒதுக்கியதற்குக் காரணம் கடற்காற்று. துத்தநாகப் பூச்சு உள்ள தகடுதான் என்றாலும் சாவி உரசும் இடத்திலும் கீழ் மடிப்பிலும் பூச்சு போய்விட்டால் உப்புக் காற்று அங்கே வேலையைத் தொடங்கிவிடும். தகட்டில் நெளிவு விழுந்தால் எடுப்பதும் சிரமம். அது நிலையோடு சேர்ந்து வருவதால் பழைய வாசக்காலை உடைத்து, பூச்சு வேலை, பெயின்ட் என்று கொத்தனார் செலவும் கூடும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உங்கள் வாசக்காலையே கறையான் தின்றிருந்தால், எப்படியும் உடைக்கத்தான் வேண்டும். அப்போது உள்மாவட்டங்களில் ஸ்டீல் நல்ல தேர்வு. நான் அருகிலிருந்து பார்த்தவை எல்லாம் சில வருடக் கதவுகளே. இருபது வருடம் ஓடிய ஒன்றைப் பார்த்ததில்லை.

டபிள்யூ.பி.சி. எங்கள் குளியலறையில் நன்றாக இருக்கிறது. தண்ணீருக்கும் கறையானுக்கும் கவலையில்லை. கனமான பூட்டும் பெரிய கீலும் தாங்கி, வெயில் படும் தலைவாசலில் அது எப்படி நிற்கும் என்பதில் எனக்கு அனுபவமில்லை. அதனால் அதிகம் பேசமாட்டேன்.

இனி பழைய தேக்கு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே செதுக்கு வேலை உள்ளதற்குக் கலைப்பொருள் விலை சொல்வார்கள். நமக்கு வேண்டியது அலங்காரம் இல்லாத கதவு. அது எல்லா ஊரிலும் வீடு பிரித்த சாமான் விற்கும் மரக்கடையில் நிற்கும், பச்சைப் பெயின்ட்டும் தூசியுமாக. வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். ஒரு ஆணியால் கீழ்ச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள். வாசல் தெளித்துத் தெளித்து முதலில் உளுத்துப்போவது அந்த இடம்தான். ஓரத்தில் கொஞ்சம் சுரண்டச் சொல்லி மரத்தின் நிறத்தையும் ரேகையையும் பாருங்கள். கதவை நிமிர்த்தி வைத்து, மூலைக்கு மூலை கண்ணால் பிடித்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கிய கதவு எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

பழைய கதவுகள் பெரும்பாலும் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். எங்களுடையதுக்கு உளுத்த கீழ்ச்சட்டத்தை எடுத்துவிட்டு, அதே கடையில் வாங்கிய பழைய தேக்குச் சட்டத்தில் அகலமாகப் புதிதாகச் செய்து சேர்த்தார் ஆசாரி. உயரமும் சரியாகிவிட்டது. பழைய ஆணிகளை முதலில் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் இழைப்புளி போய்விடும். மரமும் கூலியும் பூட்டும் கீலும் சேர்த்து எங்கள் வரம்புக்குள் அடங்கியது, பாலிஷுக்கு மட்டும் கொஞ்சம் மேலே போனது.

பெயின்ட் எடுக்கும் வேலையில் கவனம் தேவை. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய கதவின் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், முகக்கவசம் கொடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தூளைக் கூட்டித் தோட்டத்தில் கொட்டவும் கூடாது.

அடுத்தவர் வீட்டுக் கதவை நம் தலைவாசலில் வைக்கலாமா என்று அம்மா தயங்கினார். பலருக்கும் இந்தத் தயக்கம் உண்டு, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. எங்களுடைய வாசக்கால் பழையபடியே நிற்கிறது, கதவு மட்டும்தான் மாறுகிறது, நல்ல நாள் பார்த்தே மாட்டுவோம் என்றதும் ஒப்புக்கொண்டார். வீட்டில் இதற்கு மனம் ஒப்பவில்லை என்றால், பழைய தேக்கு உத்திரத்தை அறுத்துப் புதுக் கதவாகச் செய்துகொள்ளலாம், கூலி கூடும்.

பராமரிப்பும் பெரிதாக இல்லை. பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயைக் கீழ் ஓரத்துக்கும், வாசக்கால் சுவரைத் தொடும் இடத்துக்கும் தடவினோம். கறுப்பாகப் பிடிக்கும், அதனால் தெரியும் பக்கத்தில் வேண்டாம். தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை கட்டாயம். முகப்புக்கு வெளிப்புற பாலிஷ். வெயில் படும் வாசல் என்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருக்கும். போன மழையில் கதவு தாழ்ப்பாள் பக்கம் லேசாக இறுகியது. ஆசாரி வந்து, கழற்றாமலே நாலு இழைப்பு இழைத்துவிட்டுப் போனார்.