கார்பமஸபினை நிறுத்தினேன், தைராய்டு ஆட்டம் காட்டியது

2009-இல் இரண்டாவது முறை வலிப்பு வந்ததும் கார்பமஸபின் ஆரம்பித்தார்கள். காலை 400, இரவு 400. வலிப்பைப் பொறுத்தவரை அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஒருமுறைகூட வரவில்லை.

2014-இல் முடி கொட்டியது, எடை ஏறியது. டிஎஸ்ஹெச் 11 (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் ரத்த அளவு இது). தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் 50 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 9. 75 ஆக்கியும் போதவில்லை. "காபி குடிச்சிட்டு மாத்திரை போடுறீங்களாம்மா?" என்றார் டாக்டர். சுருக்கென்றது. ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, டிகாக்‌ஷன் வாசனையைப் பிடித்தபடி ஆறரை வரை உட்கார்ந்திருப்பவள் நான்.

வேறொரு டாக்டர்தான் வலிப்பு மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். கார்பமஸபின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுமாம். அவை தைராக்சினையும் சீக்கிரமே சிதைத்து வெளியேற்றிவிடும். ஃபெனிடாயின், ஃபினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்துகளும் இதே ரகம். சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கு ரத்தத்தில் தைராக்சின் (டி4) குறைந்து காட்டினாலும் டிஎஸ்ஹெச் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதற்கென்று தனி மருந்து பொதுவாகத் தேவைப்படாது. என் சுரப்பி ஏற்கெனவே நொண்டி. 100-இல்தான் நிலைக்கு வந்தது. (வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தின் கதை வேறு. அதில் சிலருக்கு டிஎஸ்ஹெச் லேசாக ஏறும்.)

2022-இல் எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டதென்று லெவெடிரசெட்டம் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார்கள். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த மூன்று மாதம் ஆனது. நிறுத்திய ஆறாவது வாரம், காபியை எடுத்தால் டபராவில் டம்ளர் கடகடவென்று ஆடுகிறது. படபடப்பு, தூக்கமில்லை. வலிப்புதான் திரும்பி வருகிறதென்று வீடே பயந்தது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட அம்மா விடவில்லை.

டிஎஸ்ஹெச் 0.05. அதாவது தைராய்டு ஹார்மோன் மிதமிஞ்சிப் போயிருந்தது. தைராக்சின் அதே 100தான். அதைச் சிதைத்துக்கொண்டிருந்த நொதிகள் அடங்கிவிட்டன, அவ்வளவுதான். 75 ஆகக் குறைத்தார்கள், எட்டு வாரத்தில் 1.9.

வலிப்பு மாத்திரையை மாற்றியபோதே தைராய்டையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் நரம்பு டாக்டரின் சீட்டை தைராய்டு டாக்டர் பார்த்ததில்லை, இவருடையதை அவரும் பார்த்ததில்லை. நானும் இரண்டு ஃபைல் வைத்திருந்தேன். இப்போது ஒன்றுதான்.

லெவெடிரசெட்டம் என் தைராய்டைச் சீண்டவில்லை. கோபம்தான் முன்பைவிடச் சட்டென்று வருகிறதாம். வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.