மே மாத வேலைக்கு ஒரு வேலைவாய்ப்பு மையம்: என் அனுபவம்

மதுரையில் தனியார் பள்ளித் தமிழாசிரியை நான். எங்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. டியூஷன் எடுக்கலாமே என்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. எனக்கும் மனம் ஒப்பவில்லை. அதனால் ஏப்ரலில் ஒரு வேலைவாய்ப்பு மையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன்.

இரண்டு வாரம் அலைக்கழித்தார்கள். "டீச்சர், உங்களுக்குப் பேச்சு நல்லா வருது, இன்சூரன்ஸ் பிடிச்சுக் குடுங்க" என்றே போன் வரும். சரி என்று நேரில் போனேன். அங்கிருந்த அக்கா அப்போதுதான் என் விண்ணப்பத்தை முழுசாகப் படித்தார். மறுநாளே ஒரு நோட்ஸ் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்தது. பக்கத்துக்கு 12 ரூபாய்.

முதல் பக்கத்திலேயே 'முயற்ச்சி' என்று இருந்தது. 'ற்' என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது என்று வகுப்பில் வருஷம் முழுக்கச் சொல்கிறேன். சிவப்பு மையால் அந்த 'ச்'சை அடித்தபோது அவ்வளவு நிறைவு. இந்த நோட்ஸைப் படிக்கப்போவதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தானே! மே முழுக்க 640 பக்கம், 7,680 ரூபாய். வீட்டு வாடகைக்கு ஆயிற்று.

போகிறவர்கள் போனை நம்பாமல் நேரில் போங்கள். 500 ரூபாய்க்கு ரசீது கேளுங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள்.