துடுப்பைக் கீழே வைத்தால் படகு எங்கே போகும்? மொரிஷியஸில் இரண்டு பேர் கயாக் போக மூன்று இடங்கள்

எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு விருந்து, ஹோட்டல் எதுவும் வேண்டாம், அமைதியான தண்ணீரில் இரண்டு மணி நேரம் படகில் இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம். அப்படி ஆரம்பித்ததுதான். இரண்டு வருடத்தில் புளூ பே, தமாரின், இல் தாம்ப்ர் என்று மூன்று இடங்களுக்குப் போய்விட்டோம். எங்கள் வீடு கத்ர் போர்னில். இங்கிருந்து எந்தக் கடற்கரைக்கும் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் தூரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாடகையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று இடமும் அழகு. அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? காற்றை வைத்து. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மோசமான மதியம் தேவைப்பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு வடகிழக்கில் இருக்கும் இல் தாம்ப்ர் தீவுக்கு.

முதலில் போனது புளூ பே. தென்கிழக்கில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 353 ஹெக்டேர் கடல் பூங்கா, 2008இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. கயாக்கில் உட்கார்ந்தபடியே கீழே பவளம் தெரியும், மீன் கூட்டம் படகின் நிழலுக்குள் வந்து திரும்பும். பவளம் பார்ப்பதுதான் ஆசை என்றால் இங்கேயே போங்கள், யோசிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். கண்ணாடி அடித்தளப் படகுகள் வரிசையாக வந்து போகும், அமைதி இருக்காது.

நாங்கள் போனது ஜூலை மாதம், மதியம் ஒரு மணிக்கு. கயாக் வாடகைக்குக் கொடுத்தவர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு "போய்ட்டு வாங்க" என்று கையசைத்ததோடு சரி, காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று காற்று தெற்குப் பக்கமிருந்து அடித்தது. நாங்கள் புவாண்ட் தெஸ்னி கரையை ஒட்டி வடக்கே போனோம். எவ்வளவு சுலபமாகப் போகிறது, நமக்கு நன்றாகவே துடுப்புப் போட வருகிறது என்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். திரும்பியபோதுதான் தெரிந்தது, அதுவரை படகைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று. இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பி வர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. துடுப்பை நிறுத்தினால் பின்னால் போகிறோம். என் கணவருக்கு நீச்சல் அரைகுறை. இடுப்பளவுத் தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து இறங்கி, படகை இழுத்துக்கொண்டே நடந்து வந்தோம். அன்று மாலை வீடு வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இரவு ஊருக்கு ஃபோன் செய்து அப்பாவிடம் சொன்னேன். பரங்கிப்பேட்டைக்காரர், சின்ன வயதில் கட்டுமரத்தில் போனவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "காத்து எவ்வளவுன்னு பாக்குறது அப்புறம்மா. துடுப்ப வச்சிட்டா அது உன்ன எங்க கொண்டுபோய் விடும்னு பாத்துட்டுத்தான் எறங்கணும்" என்றார். அதற்கு அப்புறம் ஒவ்வொரு இடத்தையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

மொரிஷியஸில் வருடத்தின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும்தான் வரும். எங்கள் ஊர்ப் பேச்சில் கொண்டல் என்று வையுங்களேன். மே முதல் அக்டோபர் வரை, இங்கே குளிர்காலத்தில், இது இன்னும் வலுக்கும். தீவைச் சுற்றியிருக்கும் பவளத்திட்டு பெரிய அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் சாதுவாகத் தெரியும். ஆனால் திட்டு அலையைத்தான் தடுக்கும், காற்றைத் தடுக்காது. கரையில் நின்று பார்த்து ஏமாறுவது இதில்தான்.

சரி, காற்றே வேண்டாம் என்று மேற்குக் கரைக்குப் போனால் என்ன? அப்படி நினைத்துத்தான் தமாரின் போனோம். பிரெஞ்சில் தமாரின் என்றால் புளி. அந்தப் பெயரிலேயே எனக்கு ஊர் மேல் ஒரு ஒட்டுதல். நடுவில் இருக்கும் மலைகள் காற்றையும் மழையையும் மறித்துவிடுவதால் இந்தப் பக்கம் காய்ந்த பூமி, அதனால்தான் அங்கே உப்பளங்கள் இருக்கின்றன. ஆற்று முகத்துவாரத்தில் கண்ணாடி மாதிரி தண்ணீர், பின்னால் ரம்பார் மலையின் கூர்முனை, மாலையில் கடலுக்குள் இறங்கும் சூரியன். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

ஆனால் அப்பாவின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மலையைத் தாண்டி வரும் காற்று இங்கே கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. ஆற்றின் நன்னீர் கலக்கும் இடத்தில் பவளம் வளராது. அதனால் தமாரின் விரிகுடாவுக்கு முன்னால் திட்டில் ஒரு வாய் திறந்திருக்கிறது. அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே வருவதும் அதனால்தான். துடுப்பைக் கீழே வைத்தால் காற்று உங்களை அந்த வாயைப் பார்த்துத்தான் கொண்டுபோகும். ஆற்றுக்குள்ளேயே இருந்தால் ஒரு பயமும் இல்லை. நாங்களும் உள்ளேயே இருந்தோம். ஒரு செப்டம்பர் காலை, ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறோம் என்பதால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். வளைகுடாவில் காலை நேரத்தில் டால்பின் பார்க்க வரும் மோட்டார் படகுகளின் சத்தம் இருந்தது. அதே கரையில் இன்னும் தெற்கே இருக்கும் ரிவியேர் நுவார் ஆற்றில் நாங்கள் இறங்கியதில்லை.

இப்போது இல் தாம்ப்ர். குட்லாண்ட்ஸ் தாண்டி, கரையிலிருந்து அதிகத் தூரம் இல்லாத தட்டையான தீவு. மனித வாசம் கிடையாது. ஓரமெல்லாம் அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் சுரபுன்னை என்கிறோமே, அதே இனம்தான். இங்கே மாங்லியே என்பார்கள். முருங்கைக்காய் போலப் பச்சையாக நீண்டு தொங்குவது காய் என்றுதான் முதலில் நினைப்போம். மரத்திலேயே முளைவிட்ட நாற்று அது. முனை கூராக இருக்கும், விழுந்தால் சேற்றில் குத்தி நின்றுவிடும். வேர்களுக்கு நடுவே கயாக் மட்டுமே நுழையக்கூடிய சந்துகள் இருக்கின்றன. உள்ளே போனதும் காற்றுச் சத்தம் தலைக்கு மேலே ஏறிவிடும், தண்ணீர் அசையாது. நாங்கள் துடுப்பை மடியில் குறுக்காக வைத்துவிட்டு உட்கார்ந்தோம். துடுப்பின் நுனியிலிருந்து சொட்டும் துளி, வேரில் ஏறும் நண்டின் நகச் சத்தம், அவ்வளவுதான் காதில் விழுந்தது. கரைக்கும் தீவுக்கும் இடையில் இருக்கும் திறந்த தண்ணீரில் காற்று உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் சேன்ட் ஆந்துவான் பக்கக் கரையிலிருந்து கிளம்பினால் தீவு கிழக்கே. போகும்போது காற்று எதிரே, கை புதிதாக இருக்கும்போதே கஷ்டம் முடிந்துவிடும். திரும்பும்போது முதுகில். அசந்துபோய்த் துடுப்பை வைத்துவிட்டாலும் காற்று கொண்டுபோய் விடுவது புறப்பட்ட கரைப் பக்கம்தான். மூன்று இடங்களில் எங்களுக்கு இந்த நிம்மதி கிடைத்தது இங்கே மட்டும்.

வெளித்திட்டின் பக்கம் போகவே கூடாது. 1744 ஆகஸ்டில் சேன்ட் ஜெரான் கப்பல் மோதி உடைந்தது இந்தத் தீவுக்கு வெளியே இருக்கும் திட்டில்தான். அதன் மணி மாயேபூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய கப்பலை விடாத பக்கம் அது. கயாக்குக்கு உரியது தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பக்கம்.

இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கடல் தண்ணீர் ஏறி வற்றும் நேரம். மொரிஷியஸில் ஏற்றவற்ற வித்தியாசம் அதிகபட்சம் அரை மீட்டர் அளவுதான், மற்ற கரைகளில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அலையாத்திச் சந்தில் அந்த அரை மீட்டர்தான் எல்லாமே. வற்றும் நேரத்தில் நுழைந்தால் சேற்றில் உட்கார்ந்துவிடுவோம். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பினால், எங்காவது தரை தட்டினாலும் ஏறும் தண்ணீரே தூக்கிவிடும். வாக்குவா வானிலை மையம் தினமும் வெளியிடும் அறிக்கையில் காற்றின் திசை, வேகம், ஏற்ற நேரம் எல்லாம் இருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தால் நாங்கள் கிளம்புவதில்லை. அதற்குக் கீழே இருந்தாலும் காலை எட்டு மணிக்குத் தண்ணீரில் இருப்போம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் போடும் தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒத்துப்போக வேண்டும், திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. புளூ பேயில் கனமான அவர் முன்னால் உட்கார்ந்தார், மூக்கு அமுங்கிப் படகு இழுத்துக்கொண்டே இருந்தது. இப்போது நான் முன்னால், அவர் பின்னால். செருப்பு வேண்டாம், அடி தடித்த ரப்பர் ஷூ போடுங்கள். கடல் முள்ளெலியும், லாஃப் என்று இங்கே பயப்படும் கல்மீனும் ஆழமில்லாத தண்ணீரில் கிடக்கும்.

நாங்கள் இல் தாம்ப்ர் போன இரண்டு தடவையும் குளிர்காலத்தில்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்; அப்போது காற்று குறைந்த நாட்களும் வரும், திடீர் மழையும் வரும். தைப்பூசக் காவடிக்கு அவர் விரதம் இருப்பதால் அந்த மாதங்களில் நாங்கள் எங்கும் போவதில்லை. கோடையில் போய் வந்தவர்களைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாகப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா தால்பூரி சுற்றிக் கொடுத்திருந்தார். காட்டுக்குள் ஒரு வேரில் படகின் மூக்கைச் செருகி வைத்துவிட்டு, ஈரக் கையோடு ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். காகிதத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டோம். தண்ணீர் ஏறி ஏறி, நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் படகு அந்த வேரிலிருந்து தானாகக் கழன்று, கரைப் பக்கம் மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்தது.