மருந்து உருண்டையா, மந்திரமா, கவசமா: எல்டன் ரிங்கில் ஸ்கார்லெட் ராட் நோயைச் சமாளிக்கும் மூன்று வழிகள்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் 2022 பிப்ரவரியில் வந்தது. அதை முதல் தடவை ஆடியபோது, ஆட்டம் தொடங்கும் லிம்கிரேவ் பகுதியில், டிராகன் பர்ன்ட் ரூயின்ஸ் இடிபாடுகளுக்குக் கீழே இருந்த ஒரு பெட்டியைத் திறந்தேன். புகை கிளம்பியது. கண் திறந்தால் செல்லியா கிரிஸ்டல் டனல் என்ற சுரங்கம். அடித்துப் பிடித்து வெளியே வந்தேன். வானம் ரத்தச் சிவப்பு, தரையும் சிவப்புச் சேறு. பத்து அடி நடப்பதற்குள் திரையின் நடுவில், கொஞ்சம் கீழே, ஒரு சின்னப் பட்டை தோன்றி நிரம்பத் தொடங்கியது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. பட்டை நிரம்பியது, உயிர்க்கோடு கரைய ஆரம்பித்தது. சிவப்பு ஃப்ளாஸ்க் ஒன்றைக் குடித்தேன், ஏறிய உயிர் மறுபடி இறங்கியது. இன்னொன்று குடித்தேன், அதுவும் போயிற்று. ஃப்ளாஸ்க் உயிரை ஏற்றும், நோயைத் தீர்க்காது என்பது சேற்றில் செத்து விழுந்த பிறகுதான் புரிந்தது.

அது ஸ்கார்லெட் ராட் என்ற அழுகல் நோய், சுருக்கமாக ராட். இந்த கேமில் ஆடுபவரைப் பிடிக்கும் நிலைக்கோளாறுகள் ஏழு: விஷம், ராட், ரத்தப்போக்கு, உறைபனி, தூக்கம், பித்து, மரணக்கருகல். ஏழுக்கும் பட்டை ஒரே மாதிரிதான், ஓரத்தில் இருக்கும் குறியும் நிறமும் மட்டும் மாறும். பட்டை நிரம்பும்வரை எதுவும் ஆகாது, நிரம்பிய பிறகு நடப்பதுதான் ஒவ்வொன்றுக்கும் வேறு. விஷமும் ராட்டும் நிரம்பியபின் மெதுவாக அரிக்கும். ரத்தப்போக்கு நிரம்பிய அந்த நொடியிலேயே உயிரில் ஒரு பெரிய துண்டை வெட்டிக்கொண்டு போய்விடும். மரணக்கருகல் நிரம்பினால் ஆளே காலி. எந்த வைத்தியம் சிறந்தது என்று பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பேசுவதால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

முதலில் ராட்டையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மூன்று வழிகளும் நேருக்கு நேர் மோதுவது அங்கேதான்.

பெரும்பாலானோர் முதலில் கையில் எடுப்பது மருந்து உருண்டை. விஷத்துக்கு நியூட்ரலைசிங் போலஸ், ராட்டுக்கு ப்ரிசர்விங் போலஸ். க்விக் ஸ்லாட்டில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் வாயில் போட்டுக்கொள்ளலாம். ஏறிய பட்டையும் இறங்கும், பிடித்த நோயும் போகும். இதற்கு எந்த ஸ்டாட்டும் (பாத்திரத்தின் திறன் எண்) தேவையில்லை, கையில் இருக்கும் ஆயுதத்தையும் மாற்ற வேண்டாம். சிக்கல் சரக்கில்தான். ராட் உருண்டை செய்ய சாக்ரமென்டல் பட் என்ற மொட்டு வேண்டும். அது வழியெல்லாம் பூத்துக் கிடக்கும் பொருள் இல்லை. கையில் நாலு உருண்டை இருக்கும்போது ‘இப்போது தின்னலாமா, அப்புறம் பார்க்கலாமா’ என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்போம். அந்தக் கணக்கு முடிவதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

இரண்டாவது வழி ‘ஃப்ளேம், க்ளென்ஸ் மீ’ என்ற மந்திரம். லியூர்னியாவில் நெருப்புத் துறவிகள் முகாமிட்டிருக்கும் இடத்தில் கிடைக்கும். உடம்பைச் சுற்றி ஒரு முறை தீ எழும், விஷமும் ராட்டும் இரண்டுமே போய்விடும். வாள்வீரன் ஆடுபவர்கள் இதை ‘ஃபெயித் பில்டுக்கு உரியது’, அதாவது மந்திரத்துக்கான ஃபெயித் ஸ்டாட்டை வளர்ப்பவர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தவறு. இதற்குத் தேவைப்படுவது 12 ஃபெயித் மட்டுமே. தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகைகளில் சாமுராய் 8-இல் தொடங்குகிறது, நாலு லெவல் போதும். வேகபாண்டுக்கு 9, அதாவது மூன்றே லெவல். அதுகூடச் செலவழிக்க மனமில்லை என்றால் டூ ஃபிங்கர்ஸ் ஏர்லூம் என்ற தாலிஸ்மன் (அணியும் தாயத்து) ஃபெயித்தை 5 கூட்டித் தரும், ராட் பகுதிக்குள் போகும்போது மட்டும் அணிந்துகொள்ளலாம். மந்திரம் சொல்லக் கையில் முத்திரை (சீல்) என்ற கருவி ஒன்று வேண்டும். ஃபிங்கர் சீல் ரௌண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் இரட்டைக் கிழவிகளிடம் 800 ரூனுக்கு (கேமின் பணம்) கிடைக்கும். மந்திரம் வைக்கும் மெமரி இடம் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே இரண்டு உண்டு, வாள்வீரனுக்கு அவை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன.

மந்திரத்துக்குச் செலவாகும் சக்தியான எஃப்பி இருக்கும்வரை மருந்து தீராது என்பதுதான் இதன் பலம். லேக் ஆஃப் ராட் என்ற ராட் ஏரிக்குள் இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அங்கே டோரன்ட் குதிரையை அழைக்க முடியாது. கால்நடையாக, ஏரியின் குறுக்கே, மேடையிலிருந்து மேடைக்கு ஓட வேண்டும். உருண்டையை நம்பி இறங்கியபோது நான் வழியை மட்டுமே பார்த்தேன், அக்கம்பக்கம் தேட ஆசையிருந்தும் தேடவில்லை. மந்திரத்தோடு இறங்கியபோது ஏரியின் மூலை முடுக்கெல்லாம் சுற்றினேன். பட்டை நிரம்பட்டும் என்று விட்டு, நிரம்பியதும் மேடையில் ஏறி ஒரு தடவை சொல்லிவிட்டு மறுபடி இறங்கினேன். ஒரே ஏரிதான், ஆனால் இரண்டாவது தடவைதான் அதை உண்மையில் பார்த்தேன்.

ஆனாலும் மந்திரம் தோற்கும் இடம் ஒன்று உண்டு, அது மலேனியா என்ற பாஸுடன் (பெரிய எதிரி) நடக்கும் சண்டை. இரண்டாம் கட்டத்தில் அவள் பூவாக விரிந்து இறங்கும் தாக்குதல் ராட்டை ஏற்றும். இரண்டு கையாலும் பெரிய வாளைப் பிடித்திருப்பவர் பிடியை மாற்றி, முத்திரையை எடுத்து, மந்திரம் சொல்லி, மறுபடி வாளுக்கு வருவதற்குள் அவள் எழுந்து வந்துவிடுவாள். பூ விரிந்திருக்கும் அந்தச் சில நொடிகள் அவளை அடிக்கவும் நல்ல நேரம். உருண்டையை வாயில் போட்டுவிட்டு மீதி நொடிகளை அடிக்கச் செலவிடலாம். ஆகவே நிலப்பரப்பைக் கடக்க மந்திரம், பாஸ் சண்டைக்கு உருண்டை. ஏரியில் மிச்சம் பிடித்த உருண்டைகளெல்லாம் இங்கே உதவும்.

மூன்றாவது வழி எதிர்ப்பாற்றலைக் கூட்டுவது. இம்யூனிட்டி (விஷத்தையும் ராட்டையும் எதிர்க்கும் ஆற்றல்) அதிகமுள்ள கவசம், இம்யூனைசிங் ஹார்ன் சார்ம் தாலிஸ்மன். உயிரைக் கூட்டும் ஸ்டாட்டான விகர் ஏற ஏற இம்யூனிட்டியும் கூடும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ராட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எதிர்ப்பு கூடினால் பட்டை நிரம்பத் தாமதமாகும், அவ்வளவுதான். நிரம்பிய பிறகு அரிப்பு குறைவதில்லை. சேற்றில் அரை நிமிடம் கூடுதலாக நிற்கக் கிடைக்கும் அனுமதிக்காக ஒரு தாலிஸ்மன் இடத்தை அடைப்பது நஷ்டம்.

அதே வழிதான் ரத்தப்போக்கு என்று வரும்போது முதலிடத்துக்கு வருகிறது. மர்க்வாட்டர் குகைக்குப் போகும் ஓடையில் படையெடுத்து வரும் நெரியஸை நினைத்துப் பாருங்கள். ரெடூவியா கத்தியால் விடாமல் கீறுவான். ஒவ்வொரு கீறலும் சின்னதுதான். பட்டை நிரம்பியதும் பீறிடும் ரத்தத்தில் உயிர் பாதியாகிவிடும். அதன்பிறகு தீர்க்க நோய் என்று எதுவும் இல்லை, பட்டை காலியாகி மறுபடி முதலிலிருந்து ஏறும். ஸ்டான்சிங் போலஸ் பட்டையைத்தான் இறக்கும், போன உயிரைத் திருப்பித் தராது. அவன் கத்தியை வீசிக்கொண்டிருக்கும்போது உருண்டை தின்ன நின்றால் இன்னும் இரண்டு கீறல் விழும். இங்கேதான் ரோபஸ்ட்னஸ் (ரத்தப்போக்கை எதிர்க்கும் ஆற்றல்) கூடிய கவசமும் ஸ்டால்வார்ட் ஹார்ன் சார்மும் வேலை செய்கின்றன. மூன்று கீறலில் வெடிக்க வேண்டியது ஐந்தில் வெடித்தால், நடுவே விலகி நிற்க நேரம் கிடைக்கும். அடிபடாமல் கொஞ்ச நேரம் ஒதுங்கினாலே பட்டை தானாக இறங்கும்.

உறைபனி ராட்டுக்கும் ரத்தப்போக்குக்கும் நடுவில். நிரம்பியதும் ஒரு துண்டு உயிர் போகும், அதோடு விடாமல் வாங்கும் அடியும் கூடும், ஸ்டாமினா மீள்வதும் மந்தமாகும். தாஃப்ராஸ்ட் போலஸ் கையில் இருந்தால் தின்றுவிடுங்கள். எதிரிக்கு உறைபனி ஏற்றியிருந்தால் நெருப்பால் ஒரு அடி கொடுங்கள். பனி கலைந்து, மறுபடி புதிதாக ஏற்ற வழி பிறக்கும்.

விஷத்துக்கு நான் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. மிராண்டா பூக்கள் தூவும் விஷம் ராட்டைவிட மெதுவாக அரிக்கும். பக்கத்தில் கிரேஸ் (ஓய்வெடுக்கும் இடம்) இருந்தால் உட்கார்ந்து எழுந்தால் போதும், எல்லாக் கோளாறும் போய்விடும்.

பித்தும் மரணக்கருகலும் மருந்துப் பையைத் திறப்பதற்கு முன்பே கால்களைக் கேட்பவை. சர்ச் ஆஃப் இன்ஹிபிஷனுக்குப் போகும் வழியில் ஒரு கோபுரம், அதன் உச்சியில் மஞ்சள் தீ. அதன் பார்வை படும் இடத்தில் நின்றாலே பித்துப் பட்டை ஏறும். நிரம்பினால் உயிரோடு எஃப்பியும் போகும், ஆளும் நிலைகுலைந்து நின்றுவிடுவார். அங்கே கிளாரிஃபையிங் போலஸைத் தின்றபடி நேராக ஓடிப் பார்த்தேன், உருண்டை தீர்ந்ததுதான் மிச்சம். பாறைக்குப் பாறை மறைந்து போய், உச்சியில் கூடி நிற்பவர்களை முடித்தால் தீ அணைந்துவிடுகிறது. பேசிலிஸ்க் என்ற பிராணி கக்கும், மரணக்கருகலை ஏற்றும் சாம்பல் புகையும் அப்படித்தான்: புகையைக் கண்டதும் பின்வாங்குங்கள், கலைந்த பிறகு உள்ளே போங்கள். அந்தப் பட்டை நிரம்பிவிட்டால் எந்த மருந்தும் இல்லை.

இந்த மூன்று வழிகளுக்கும் கட்டுப்படாத ஒன்றும் உண்டு. ரத்தப் பிரபு மோக் சண்டையின் நடுவில் ‘நிஹில்’ என்று மூன்று முறை சொல்லும் சாபம். அதைப் பார்த்து ஸ்டான்சிங் போலஸைத் தேடுபவர்கள் பலர். அதற்கு உரியது, பிசிக் ஃப்ளாஸ்க் என்ற தனிக் குப்பியில் கலக்கும் ப்யூரிஃபையிங் கிரிஸ்டல் டியர். மரிகாவின் இரண்டாம் தேவாலயத்தில் படையெடுத்து வரும் எலியோனோராவை வென்றால் கிடைக்கும். அவன் ‘நிஹில்’ சொல்லத் தொடங்கும் முன்பே குடித்திருக்க வேண்டும்.