60 தாண்டியவர்களுக்கான ஏரோபிக்ஸ் வகுப்பு: தாராளமாகச் சேரலாம், நோட்டீஸை மட்டும் நம்ப வேண்டாம்

மதுரை கே.கே. நகர்ப் பக்கம் ஒரு மண்டபத்து மாடியில் நடக்கிற வகுப்பு இது. மாதம் 900 ரூபாய், வாரம் 3 நாள், ஒரு மணி நேரம். நான் ரிட்டயர்டு டீச்சர். சர்க்கரையும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு.

சொல்லிக் கொடுக்கிற பெண் சின்ன வயது. ஆனால் விவரம். சேர்ந்த அன்றே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நின்ற இடத்தில் நடை, பக்கவாட்டில் அடி, கைவீச்சு, அவ்வளவுதான். குதிக்கிற வேலையே இல்லை. வேகத்துக்கு அவர் வைத்திருக்கும் அளவு: "பேச முடியணும், பாட முடியக் கூடாது." பக்கத்தில் ஒரு அம்மா பழைய பாட்டை முணுமுணுத்தால் போதும், "அம்மா, பாட்டு வருதுல்ல? கையை இன்னும் மேல தூக்குங்க" என்று குரல் வந்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடம்தான் அமர்க்களம். அடி வைத்துக்கொண்டே தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். மார்கழி வரை எல்லோரும் ஜோராக வருவோம். புரட்டாசிக்குள் பாதிப் பேருக்குக் கால் நின்றுவிடும், மீதிப் பேருக்கு வாய்.

குறை என்றால் அந்த நோட்டீஸ்தான். 'மறதி நோய் வராது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 120 முதியவர்களில் ஒரு வருடம் வேகநடை போனவர்களுக்கு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்தது உண்மை. வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களுக்குச் சுருங்கியது. ஆனால் 2022-ல் 585 பேரை ஒன்றரை வருடம் பார்த்த இன்னோர் ஆய்வில், உடற்பயிற்சியால் ஞாபக சக்தி கூடியதாகத் தெரியவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, மூளைக்கும் உதவலாம் என்று போட்டிருந்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, மாடிப்படியில் மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. கண்ணாடியை வைத்த இடம் இன்னமும் மறந்துதான் போகிறது.

அப்புறம், ஸ்பீக்கர் சத்தம் அதிகம். காதுக்கு மெஷின் வைத்திருப்பவர்கள் பின்வரிசையில் நிற்பது நல்லது. தரை வழுவழு டைல்ஸ் என்பதால் ரப்பர் அடி ஷூ கட்டாயம். செருப்போடு போனால் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். காலை பேட்ச் நிரம்பிவிட்டது, மாலை 5 மணிக்கு இடம் இருக்கிறது.