பழைய ஃபெண்டர் வால்வு ஆம்ப்புக்கு எந்த டிஸ்டார்ஷன் பெடல்? ராட் 2-உடன் சில வருஷங்கள்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். 70-களில் வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் போல ஒரு வால்வு ஆம்ப் (கிதார் சத்தத்தை வால்வுகளால் பெருக்கும் பெட்டி) கையில் இருந்து, அதற்கு ஒரே ஒரு டிஸ்டார்ஷன் பெடல்தான் (சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கும், காலால் அழுத்துகிற டப்பா) வாங்க முடியும் என்றால் ப்ரோகோ ராட் 2 வாங்குங்கள். சில வருஷமாக என் ஆம்ப்புக்கு முன்னால் கிடப்பது அதுதான். இடையில் நண்பர்களிடம் வாங்கி வாரக்கணக்கில் வாசித்துப் பார்த்த பாஸ் டிஎஸ்-1, ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர், பிக் மஃப் எல்லாமே நல்ல பெடல்கள், ஆனால் இந்த ஆம்ப்போடு சேரும்போது ஒவ்வொன்றும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எனக்குத் தெரிந்த கிதார்காரர்களில் முக்கால்வாசிப் பேர் சர்ச் கொயரில் தொடங்கியவர்கள். அங்கே ஆம்ப் என்று ஒன்று கிடையாது, பெடலிலிருந்து வயர் நேராக மைக் செட்டின் மிக்சருக்குப் போகும். அதனால் பெடல் வாங்கும்போதும் யூடியூபில் கேட்ட சத்தத்தை வைத்தே வாங்குகிறோம். பழைய வால்வு ஆம்ப்புக்கு அந்த முறை உதவாது. அங்கே பாதி சத்தம் ஆம்ப்புடையது. பெடல் கொடுப்பதை அது அப்படியே வெளியே விடாது, தன் குணத்தையும் ஏற்றித்தான் விடும்.

என்னிடம் இருப்பது கப்பல் வேலையில் இருந்த மாமா கொண்டுவந்த சில்வர் பேனல் டீலக்ஸ் ரிவெர்ப். 22 வாட், கடைசியில் இரண்டு 6வி6 வால்வு, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. 22 வாட் என்றதும் சின்ன ஆம்ப் என்று நினைக்க வேண்டாம், வால்யூம் நாலைத் தாண்டினால் தெரு முழுக்கக் கேட்கும். அமெரிக்காவுக்கான மாடல் என்பதால் 120 வோல்ட்டில்தான் ஓடும், நம் 230-இல் நேராகச் செருகினால் முடிந்தது கதை. 500 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எப்போதும் கூடவே இருக்கிறது. பெடல் யோசிக்கும் முன்பே, வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கிற ஒரு அண்ணனிடம் கொடுத்து மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர்களை மாற்றி, குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களைச் சுத்தம் செய்தேன். இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. கண்டன்சர் காய்ந்துபோன ஆம்ப்பில் எந்த டிஸ்டார்ஷனைப் போட்டாலும் அடியில் ஒரு ஹம் ஓடும், பேஸ் சுரம் தளர்ந்து தொங்கும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் நிற்கும், ஆகவே வீட்டில் நாமே திறந்து பார்க்கிற வேலை வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆம்ப்பில் டிரெபிள் இருக்கிறது, பேஸ் இருக்கிறது, மிட் (நடுப்பகுதிச் சத்தம்) குமிழ் கிடையாது. உள்ளே அதை ஒரு ரெசிஸ்டர் வைத்து நிரந்தரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். இந்த டோன் சர்க்யூட் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விடும். க்ளீனாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம்தான் அழகு, மணி அடித்த மாதிரி தெளிவாக வரும். டிஸ்டார்ஷன் போட்டால் அதே பள்ளம் தொல்லை. கிதாரின் உடம்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது டிஎஸ்-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் வந்த ஆரஞ்சு டப்பா, உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் டோன் குமிழை நடுவில் வைத்தால் அதுவும் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ் பக்கமே குறைக்கிறது. ஆம்ப் ஒரு பள்ளம், பெடல் அதே இடத்தில் இன்னொரு பள்ளம். தனியாக வாசித்தால் பெரிய சத்தம் போலத் தோன்றும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிதாரைத் தேட வேண்டியிருக்கும். பிக் மஃபும் மிட்டைக் குறைக்கிற பெடல்தான், நீண்ட சுரம் இழுக்க அதைப் போல வேறு இல்லை, ஆனால் குழுவுக்குள் அதே கதி. மிட் அதிகமுள்ள மார்ஷல் வகை ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும் நன்றாகவே பொருந்தும்.

டியூப் ஸ்கிரீமர் நேர் எதிர். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸைக் குறைத்து, நடுவைத் தூக்கிவிடும். ஃபெண்டரும் டியூப் ஸ்கிரீமரும் இத்தனை காலம் ஜோடியாகச் சுற்றுவதற்கு இதுதான் காரணம். டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றி, ஆம்ப் வால்யூமை ஐந்தில் வைத்தால் வால்வுகளே உடைந்து பாடும், அந்தச் சத்தத்துக்கு ஈடு இல்லை. திருவிழா மேடையில், ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்துத் திறந்து விடும்போது நான் இன்றும் நண்பனிடமிருந்து அதைத்தான் கடன் வாங்குவேன். ஆனால் அது ஓவர்டிரைவ், அதாவது ஆம்ப்பைத் தள்ளி அதையே உடைந்து பாட வைக்கிற வகை, ஆம்ப் பாதி வேலை செய்தால்தான் அதற்கு உயிர். வீட்டில் வால்யூம் இரண்டில் வைத்து வாசிக்கிறவனுக்கு அது மூக்கால் பேசுகிற மாதிரி சின்னதாகிவிடும். நாம் வாசிக்கிற நேரத்தில் முக்கால்வாசி வீட்டில்தானே. “மக்ளே, பிள்ளை இப்பதான் உறங்கிச்சு, கொஞ்சம் கொறச்சு வையி” என்று பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்துச் சொன்னால் இரண்டு ஒன்றரை ஆகும்.

ராட் இங்கேதான் ஜெயிக்கிறது. அதன் டிஸ்டார்ஷன் முழுக்கப் பெடலுக்குள்ளேயே நடக்கிறது, சிலிக்கான் டயோடுகள் அலையை வெட்டிவிடும், ஆம்ப் உழைக்க வேண்டியதில்லை. நடுப்பகுதியையும் பறிப்பதில்லை. முக்கியமான குமிழ் ஃபில்டர். இது மற்ற பெடல்களின் டோன் போல இல்லை, வலது பக்கம் திருப்பத் திருப்ப டிரெபிள் குறையும். பழைய ஃபெண்டருக்கு இது எவ்வளவு தேவை என்பது வால்யூமைக் குறைத்து வாசிக்கும்போது தெரியும். இந்த ஆம்ப்பில் நார்மல், வைப்ரேட்டோ என்று இரண்டு சேனல். வைப்ரேட்டோ சேனலின் வால்யூம் குமிழில் ஒரு பிரைட் கண்டன்சர் இருக்கிறது, வால்யூம் குறைவாக இருக்கும்போது அது டிரெபிளை அதிகமாக உள்ளே விடும், ஏற்ற ஏற்ற அதன் வேலை குறையும். அதனால் வீட்டு வால்யூமில் எந்த டிஸ்டார்ஷனும் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சரசரக்கும். ராட்டின் ஃபில்டரைக் கடிகார முள் போல ஒரு மணி, இரண்டு மணி நிலைக்குக் கொண்டுபோனால் அந்தச் சரசரப்பு அடங்கி, தடித்த சத்தம் மட்டும் நிற்கும். நார்மல் சேனலில் அந்தக் கண்டன்சர் இல்லை, பெடலுக்கு அதுவே இன்னும் இதமான சேனல், ஆனால் ரிவெர்ப் (எதிரொலி) கிடைக்காது. மாலையில் நான் அடிக்கடி நார்மலில்தான் செருகுகிறேன்.

என் செட்டிங்: டிஸ்டார்ஷன் ஒன்பது மணி, ஃபில்டர் ஒரு மணி, வால்யூம் பன்னிரண்டு. டிஸ்டார்ஷனைக் குறைவாக வைத்து, மீதியைக் கிதாரின் வால்யூம் குமிழில் பார்த்துக்கொள்வேன். டிஸ்டார்ஷனை மூன்று மணிக்கு மேல் ஏற்றினால் ஃபஸ் (மிகக் கரடான டிஸ்டார்ஷன்) மாதிரி ஆகும், அது ஒரு தனி ருசி, ஆனால் கார்டுகள் கலங்கிவிடும். இன்னொன்று, இந்த ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்ப்பின் நடுவில் பெடலைச் செருகும் வழி) கிடையாது, ரிவெர்ப் எப்போதும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் வரும். ஆகவே ராட் போடும்போது ரிவெர்பை இரண்டுக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

குறை சொல்லாமல் விட முடியாது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிதாரில் இரைச்சல் அதிகம். ஃபேன் ரெகுலேட்டர் டிம்மர் வகையாக இருந்தால் அதன் ரீங்காரம் பெடல் வழியாக நூறு மடங்காகும், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது அணையுங்கள். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஆம்ப்பையே போடாதீர்கள். பெயர் தெரியாத மலிவு அடாப்டர்களும் உறுமும், 9 வோல்ட் பேட்டரியே போதும், ராட் மிகக் குறைவாகத்தான் எடுக்கும். வாசித்து முடிந்ததும் உள்ளே செல்லும் வயரைப் பிடுங்கிவிடுங்கள், செருகியே இருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் பேட்டரி தீரும்.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றை மறக்கக் கூடாது. ஜாக்கில் பச்சைக் களிம்பு பிடித்து, காலால் அழுத்தும்போது சத்தம் வந்து வந்து போகும். பலர் பெடல் போய்விட்டது என்று விற்கக் கிளம்புவார்கள், பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு போதும். மழைக்காலத்தில் நான் பெடலைச் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வைப்பேன், பேட்டரியைக் கழற்றிவிட்டு.

பழைய ராட்டில் எல்எம்308 என்ற ஐசி இருக்கும், பின்னால் வந்தவற்றில் ஓபி07. அந்தப் பழைய ஐசிக்காகவே கூடுதல் விலை கேட்கிறார்கள். டிஸ்டார்ஷனை ஒன்பது மணியில் வைத்து வாசிக்கிற எனக்கு அந்தப் பணம் வீண், புதியதே போதும். செகண்ட் ஹேண்டில் பழையது எடுப்பதாக இருந்தால் அடாப்டர் ஓட்டையைப் பார்த்து எடுங்கள், சிலவற்றில் 3.5 மில்லிமீட்டர் மினி ஜாக்தான் இருக்கும், இப்போதைய அடாப்டர் முனை அதில் நுழையாது.